ஆறு விநாடிக் கண்ணாடி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் சந்தேகப் பிராணி இல்லை. என் மனைவி ஹேமாவதி சிரித்தால் இடது கன்னத்தில் குழி விழும் என்பது லோகநாதனுக்குத் தெரிந்திருந்தது. அது எனக்குப் பிடிக்கவில்லை. கட்டிய புருஷனுக்கு இதுகூடப் பிடிக்காமல் போகக்கூடாதா?

எங்கள் மூவருக்கும் ஒரே கம்பெனி. ஒரகடம் தாண்டி, பால்கனிக்கும் கடை முகப்புக்கும் பாத்ரூம் கதவுக்கும் டஃபன் கிளாஸ் செய்கிற இடம். ஹேமாவும் லோகநாதனும் உலையில் ஆபரேட்டர்கள், காலை ஷிப்ட். நான், தணிகைவேல், இன்ஸ்பெக்‌ஷன். அவர்கள் செய்து அனுப்புவதில் குறை கண்டுபிடிப்பதுதான் என் உத்தியோகம்.

வேலை இதுதான். வெட்டி, விளிம்பு தேய்த்து, துளை போட்டு முடித்த கண்ணாடியை உருளைகள் மேல் படுக்கவைத்து உலைக்குள் அனுப்ப வேண்டும்; ஒரு தடவை உள்ளே போவது ஒரு லோடு. உள்ளே அறுநூறு டிகிரிக்கு மேல். இளகுகிற பதத்துக்கு வந்ததும் வெளியே இழுத்து, மேலிருந்தும் கீழிருந்தும் நூற்றுக்கணக்கான துளைகள் வழியாகக் காற்றை அடிக்க வேண்டும். மேல்தோல் சட்டென்று இறுகிவிடும். உள்பக்கம் மெதுவாகத்தான் ஆறும், ஆறும்போது தோலைப் பிடித்து உள்ளே இழுக்கும். அந்த இழுபறிதான் அதன் பலம். ஆள் ஏறி நின்றாலும் தாங்கும். ஆனால் அதற்குப் பிறகு ஒரு அங்குலம் வெட்ட முடியாது, ஒரு துளை போட முடியாது. மீறி வெட்டப் போனால் முழுக் கண்ணாடியும் கற்கண்டாக உதிர்ந்துவிடும்.

காற்றடிக்கும் அந்த இடத்துக்கு குவென்ச் என்று பெயர். அங்கே இருக்கிற இரைச்சலில் இரண்டு பேர் பேசிக்கொள்ள வேண்டுமென்றால், ஒருவர் காதருகே ஒருவர் வாயைக் கொண்டுபோய்க் கத்த வேண்டும். தினமும் எட்டு மணி நேரம் என் மனைவியின் காதருகே லோகநாதனின் வாய். நீங்களே யோசித்துப் பாருங்கள்.

யோசித்து யோசித்து நான் பாதியாக இளைத்திருந்த சமயத்தில்தான் மெஹருன்னிசா மேடம் ஒரு மிஷினோடு வந்து சேர்ந்தார். சென்னையில் ஆராய்ச்சி செய்தவர். அவர் கொண்டுவந்தது, பார்க்க ஜெராக்ஸ் மிஷினைக் கட்டில் அளவுக்கு நீட்டிய மாதிரி இருந்தது. ஒரு பால்கனிக் கண்ணாடியைத் தூக்கி அதன்மேல் வைக்கச் சொன்னார்.

"தணிகை, ஒரு பொருள் இளகி இருக்கறப்ப ஆடிக்கிட்டே இருந்தா, இறுகறப்ப அந்த ஆட்டத்தோட தடம் உள்ள நிக்கும். சரியா?"

"சரிங்க மேடம்."

"சத்தம்ங்கறது என்ன? ஆட்டம்தான். இந்த கிளாஸ் குவென்ச்ல இறுக ஆறு செகண்ட். அந்த ஆறு செகண்ட்ல அங்க இருந்த சத்தம் பூரா இதுக்குள்ள பதிஞ்சு கெடக்கு. நீங்க தினம் வெளிச்சத்துல சாய்ச்சுப் பாக்கறீங்களே புள்ளி புள்ளியா, அதையே ஆயிரம் மடங்கு நுணுக்கமா இது பாக்கும். பாத்துட்டுத் திரும்பச் சத்தமா மாத்திடும்."

"எதுக்கு மேடம் இது?"

"காத்தடிக்கிற மோட்டார்ல பேரிங் தேஞ்சா சத்தம் மாறும். அது எந்த லோடுல ஆரம்பிச்சதுன்னு கண்ணாடியே சொல்லிடும். வேற ஒண்ணுக்கும் இல்லப்பா."

பொத்தானை அழுத்தினார். ஆறு விநாடி பேரிரைச்சல். "இது ஒரே மாதிரியான சத்தம், கழிச்சிடலாம்" என்று இன்னொரு பொத்தானை அழுத்தினார். இரைச்சல் போய்விட்டது. மிச்சமிருந்தது தெள்ளத்தெளிவாக என் மனைவியின் குரல்.

"டேய், சோத்துக்கு மணியாச்சுடா! வயிறு கிள்ளுது!"

மேடம் விழுந்து விழுந்து சிரித்தார். எங்களுடையது காதல் கல்யாணம். என்னை அவள் டேய் என்று கூப்பிட்டு நான்கு வருடம் ஆகியிருந்தது.

அந்த மிஷினுக்கு எங்கள் ஆட்கள் ஒட்டுக்கேட்டான் என்று பெயர் வைத்தார்கள். வந்த மூன்றாம் மாதமே அது பேரிங்கை மறந்துவிட்டது. காண்ட்ராக்ட் தொழிலாளி ஏகாம்பரம் குவென்ச் பக்கத்தில் நின்று சங்கம் வைப்பதைப் பற்றிப் பேசியிருக்கிறார். அந்த லோடு கண்ணாடியில் பிம்பம் அலையடிக்கிறது என்று திரும்பி வர, ஆபீஸ் அதை மிஷினில் போட்டுக் கேட்டது. மறுநாள் ஏகாம்பரத்துக்கு கேட் பாஸ் இல்லை. இந்த மிஷின் போன வெளியூர்களிலும் இதே கூத்துதான். ஒரு கோயில் கமிட்டி உண்டியலைச் சுற்றி வைத்த கண்ணாடியில் கெட்ட வார்த்தை இருப்பதாக அத்தனையையும் பிடுங்கித் திருப்பி அனுப்பியது. எங்கள் உலைக்கூடத்தில் 'இங்கே பேசாதீர்கள்' என்று பலகை மாட்டினார்கள். அனுமதி இல்லாமல் யாரும் கண்ணாடியைக் கேட்கக் கூடாது என்று இன்ஸ்பெக்‌ஷனில் இன்னொரு பலகை. மனிதர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக் கையசைத்து வேலை செய்தார்கள். நான் மட்டும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் தனியாக இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

எத்தனை கேட்டிருப்பேன்? இருநூறு இருக்கும். பெரும்பாலும் இருமல், தும்மல், "கைய எடு", "ரோலர் பாரு". ஒன்றில் லோகநாதன் பாட்டுப் பாடினான். எருமை கத்துகிற மாதிரி இருந்தது, அதற்கு ஹேமா கைதட்டியிருந்தாள். நான் அவளுக்காக மாமல்லபுரத்தில் பாடியபோது காதைப் பொத்திக்கொண்டவள்!

பிறகு அந்த ஐந்து கண்ணாடிகள் கிடைத்தன. பலகை மாட்டுவதற்கு முந்தைய வாரம் செய்த பெரிய பால்கனிக் கண்ணாடிகள். லோடுக்கு ஒன்று, ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஏழெட்டு நிமிடம். கட்டடக்காரர் அளவை மாற்றிவிட்டதால் யாருக்கும் உதவாமல் குடோனில் கிடந்தன. அவற்றை வேறு அளவுக்கு வெட்டவும் முடியாதே. ஒட்டியிருந்த ஸ்டிக்கர் எண்படி, ஒன்றிலிருந்து ஐந்து வரை வரிசையாகப் போட்டுக் கேட்டேன்.

ஒன்று. ஹேமா: "சரி, இன்னும் ஒருதரம் பேசிப் பாக்கறேன்."

இரண்டு. ஹேமா சிரிக்கிறாள், குழி விழுந்திருக்கும். "நீ சொன்னா கேக்கறேன் லோகு."

மூன்று. லோகநாதன்: "அவசரப்படாத. குழந்த இருக்கு இல்ல?"

நான்கு. ஹேமா: "முடியாது லோகு. துணியெல்லாம் கட்டி வெச்சிட்டேன். கெளம்பப் போறேன்."

ஐந்து. லோகநாதன்: "நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். நீ சொல்லு."

யாரிடமோ பேசிப் பார்க்கிறாளாம், அவன் சொன்னால் கேட்கிறாளாம், துணி கட்டி வைத்துவிட்டாளாம். அவன் யாரிடமும் சொல்ல மாட்டானாம், எப்போது கிளம்பலாம் என்று அவள் சொன்னால் போதுமாம். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? பாருங்கள், நான் சந்தேகப்பட்டது சரிதான் என்று ஒரு மூலையில் எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

ஐந்தையும் கைபேசியில் பதிந்து எடுத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை காலை, எங்கள் மகள் யாழினி பக்கத்து வீட்டுக்கு விளையாடப் போன பிறகு, ஹேமா துணி மடித்துக்கொண்டிருந்த கட்டிலின்மேல் கைபேசியை வைத்துப் போட்டுக் காட்டினேன்.

அவள் அழவில்லை. ஐந்தையும் கேட்டு முடிக்கும் வரை கையிலிருந்த துண்டை மடிக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள்.

"இந்த நம்பர் யாரு போட்டது?" என்றாள்.

"பேச்ச மாத்தாத."

"கேட்டதுக்குப் பதில் சொல்லு. யாரு?"

"பேக்கிங்ல."

"ஸ்டாண்டுல சாஞ்சிருக்கிற கிளாஸுக்கு எந்தப் பக்கத்துலேர்ந்து ஸ்டிக்கர் ஒட்டுவாங்க?"

"முன்னாடிலேர்ந்து. இதெல்லாம் எதுக்கு இப்ப?"

"நாங்க குவென்ச்லேர்ந்து எடுத்து எப்டி சாய்ப்போம்?"

பதினொரு வருடமாக இதே கண்ணாடியோடு மாரடிக்கிறேன். முதலில் வந்தது ஸ்டாண்டின் முதுகில் சாயும். அடுத்தது அதன்மேல். கடைசியாக வந்தது எல்லோருக்கும் முன்னால் நிற்கும். ஆக, முதல் ஸ்டிக்கர் கடைசிக் கண்ணாடிக்கு. நேற்று வேலைக்குச் சேர்ந்த ஆளுக்குக்கூட இது தெரியும்.

"அஞ்சுலேர்ந்து போடு" என்றாள்.

போட்டேன்.

"நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். நீ சொல்லு."

"முடியாது லோகு. துணியெல்லாம் கட்டி வெச்சிட்டேன். கெளம்பப் போறேன்."

"அவசரப்படாத. குழந்த இருக்கு இல்ல?"

"நீ சொன்னா கேக்கறேன் லோகு."

"சரி, இன்னும் ஒருதரம் பேசிப் பாக்கறேன்."

தெருவில் தண்ணீர் கேன் வண்டி மணி அடித்துக்கொண்டு போனது. அது போய் முடியட்டும் என்று ஹேமா காத்திருந்தாள்.

"உங்கூட இருக்க முடியலன்னுதான் அன்னிக்கு அழுதேன். போன நோண்டற, பைய நோண்டற, பஸ்சுல யார் பக்கத்துல ஒக்காந்தன்னு கேக்கற. அம்மா வீட்டுக்குப் போயிடலாம்னு மூட்ட கட்டி வெச்சிட்டுதான் வேலைக்கு வந்தேன். லோகுதான், தணிகை கெட்டவன் இல்ல, மனசு விட்டுப் பேசுனா சரியாயிடும்னு ஒரு மணி நேரமாக் கெஞ்சினான். ஒரு கிளாஸுக்கு ஒரு வார்த்தையா உனக்கு இப்ப கெடச்சிருக்கு. அன்னிக்கு சாயந்தரம் நான் வந்து உம் பக்கத்துல ஒக்காந்து, பேசணும் தணிகைன்னு சொன்னேனே, நீ இன்னா கேட்ட ஞாபகம் இருக்கா?"

இருந்தது.

"இன்னிக்கு ஷிப்ட்ல உங்கூட யாருன்னு கேட்ட. நான் எழுந்து போயி மூட்டையப் பிரிச்சு துணிய பீரோல அடுக்கினேன்."

எனக்கு வெட்கமாக இருந்திருக்க வேண்டும். இருந்தது, சத்தியமாக இருந்தது. ஆனால் அதற்கு முன்னால் வேறொன்று முந்திக்கொண்டு வந்துவிட்டது. என் குடும்பத்தைக் காப்பாற்றக்கூட அவன்தான் கிடைத்தானா? அந்தப் புண்ணியத்தையும் அவனே கட்டிக்கொள்ள வேண்டுமா?

"அவன் சொன்னா கேக்கறேன்னு சொல்ற" என்றேன். "எங்கிட்ட ஒருநாளாவது அப்டி சொல்லியிருக்கியா?"

ஹேமா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு மடித்த துணிகளையெல்லாம் பெட்டிக்குள் வைக்க ஆரம்பித்தாள். நான் கும்பிட்டேன், காலில் விழாத குறை. அவள் நிறுத்தவில்லை. வாசலில் யாழினியின் செருப்பைத் தேடி எடுத்துக்கொண்டு நின்றாள்.

"வாலாஜாபாத்ல அக்கா வீட்ல இருக்கேன். அங்கேர்ந்தே வேலைக்கு வரேன். ஒரு மாசம். அந்த மிஷின்ல எங்குரல நீ தேடாத. தேடலன்னா முப்பத்தோராவது நாள் நானே பொட்டியத் தூக்கினு வந்துடறேன். தேடினியோ, அதோட சரி."

"கேக்கலன்னு நான் சொன்னா நீ நம்புவியா?"

"நம்புவேன். எனக்கு அந்த வியாதி இல்ல."

சொன்னால் சிரிப்பீர்கள், நான் கேட்காமல் இருந்தேன். முதல் வாரம் சாப்பாட்டு நேரத்தில் மிஷின் இருக்கும் அறைக்குப் பூட்டுப் போட்டு, சாவியை மெஹர் மேடத்திடம் கொடுத்துவிட்டுக் கேண்டீனுக்குப் போனேன். ஹேமா தூரத்து மேஜையில் உட்கார்ந்து சாப்பிடுவாள். கண்ணாடிகள் என் மேஜைக்கு வந்துகொண்டேதான் இருந்தன. ஒவ்வொன்றின் மூலையிலும் கம்பெனி முத்திரைக்குக் கீழே தேதியும் ஷிப்டும். காலை ஷிப்ட் என்று பார்த்தால் முத்திரையைக் கட்டைவிரலால் மூடிக்கொள்வேன். வெளிச்சத்தில் பார்ப்பேன், விளிம்பைத் தடவுவேன், பாஸ் என்று எழுதி அனுப்பிவிடுவேன். யாழினி தினமும் சாயங்காலம் போனில் எத்தனை நாள் இருக்கிறது என்று கேட்பாள். இருபத்திரண்டு. இருபத்தொன்று. நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

மூன்றாம் வாரம் லோகநாதன் என் மேஜைக்கே வந்து நின்றான். கையில் ஹெல்மெட், முகத்தில் குற்றம் செய்தவனைப் போல ஒரு தயக்கம்.

"தணிகை, என்னால உங்களுக்குள்ள எதுவும் வேணாம்ப்பா. ராத்திரி ஷிப்டுக்கு எழுதிக் குடுத்துட்டேன். இன்னிலேர்ந்து காலைல நான் இல்ல. நிம்மதியா இரு."

அவனுக்கு நன்றி சொல்லியிருக்க வேண்டும். "அப்ப காலைல அங்க யாரு?" என்று கேட்டேன்.

அவன் சிரித்துவிட்டுப் போய்விட்டான். ஏன் சிரித்தான்? அன்றைக்குத்தான் எனக்குத் தூக்கம் போனது. லோகநாதன் இருந்தவரை எனக்கு ஒரு நிம்மதி இருந்தது, ஆள் யார் என்றாவது தெரியும். இப்போது ஹேமாவின் காதருகே வேறொரு வாய். உயரமா, குட்டையா? கல்யாணம் ஆனவனா? உலைக்கூடத்துக்குள் எங்களை விட மாட்டார்கள், தனி பாஸ் வேண்டும். கேண்டீனில் விசாரித்தேன். யாரோ புதுசு என்றார்கள். யாரோ புதுசு என்றால் என்ன அர்த்தம், ஒரு பெயர் இல்லையா அவனுக்கு?

ஒன்பது நாள் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினேன். முப்பதாவது நாள், திங்கட்கிழமை. மறுநாள் ஹேமா வந்துவிடுவாள். யாழினிக்குப் பிடித்த பால்கோவா வாங்கிப் பையில் வைத்திருந்தேன். பன்னிரண்டரை மணிக்கு மெஹர் மேடம் அவசரமாக வந்து, "தணிகை, ஒரு மோட்டார்ல சத்தம் வித்தியாசமா இருக்குன்னு சொல்றாங்க. சாப்பிட்டு வந்து காலை லோடு ஒண்ண ஓட்டிப் பாருங்க" என்று சாவியை மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.

இது வேலை. நான் தேடவில்லை, வேலை என்னைத் தேடி வந்தது. மோட்டார் சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டு மூடிவிட வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இரைச்சலைக் கழிக்கிற பொத்தான் பக்கமே போகக் கூடாது. அப்படித்தான் ஆரம்பித்தேன். காலையில் வந்த கண்ணாடி ஒன்றைத் தூக்கி வைத்தேன். ஆறு விநாடி இரைச்சல். பேரிங்கில் ஒன்றும் இல்லை, மோட்டார் ஜோராக ஓடுகிறது. வேலை முடிந்தது. மூடிவிட்டு எழுந்து கேண்டீனுக்குப் போயிருக்கலாம்.

இரைச்சலைக் கழித்தேன்.

ஹேமாதான். கத்தவில்லை. கண்ணாடிக்கு நேராகக் குனிந்து, வீட்டில் பேசுகிற மாதிரியே பேசியிருந்தாள்.

"கேட்டுட்ட இல்ல, தணிகை? சரி, விடு."

பிறகு எழுந்து, சுவரோரம் கிடந்த மூன்று நாள் முந்தைய கண்ணாடியைத் தூக்கி வைத்தேன். அதே குரல், அதே வார்த்தைகள். போன வாரத்துக் கண்ணாடி ஒன்று இருந்தது. அதிலும் அதேதான். ஒரு மாதமாக லோடுக்கு லோடு இதைச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறாள். நான் கேட்காமல் பாஸ் என்று எழுதி, நூற்றுக்கணக்கில் லாரி ஏற்றி அனுப்பியிருக்கிறேன். இன்னும் ஒரே ஒரு நாள் அனுப்பியிருந்தால் போதும். அவள் வந்து கதவைத் தட்டியிருப்பாள்.

அழுதேன். கண்ணாடியின்மேல் நெற்றியை வைத்துக்கொண்டு, யாராவது வந்தால் வரட்டும் என்று வாய்விட்டு அழுதேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு கடைசியாக இன்னொரு தடவை அவள் குரலைக் கேட்போம் என்று அந்தப் போன வாரத்துக் கண்ணாடியையே மறுபடி போட்டேன்.

"கேட்டுட்ட இல்ல, தணிகை? சரி, விடு."

அதற்குப் பிறகு ஒரு விநாடி மிச்சம் இருந்தது. முதல் தடவை நான் அதைக் கவனிக்கவில்லை. அந்த ஒரு விநாடியில், ஹேமாவுக்கு மிகவும் பக்கத்தில், யாரோ இருமினார்கள். ஆண் இருமல்.

கேண்டீனில் சாப்பாட்டு நேரம் முடிய இன்னும் பத்து நிமிடம் இருந்தது. ஓடிப்போனால் ஹேமாவைப் பிடித்து ஏதாவது சொல்லியிருக்கலாம். நான் அந்த இருமலை மட்டும் தனியாகப் பிரித்து, சத்தத்தைக் கூட்டி, மறுபடியும் போட்டேன்.